காதுக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு கோடு

கலீலுர் றஹ்மானின் இரண்டு கைகளும் ஒரே வெடியில் போயின. திரி அவர் நினைத்ததைவிட வேகமாக எரிந்துவிட்டது. எறிவதற்காகத் தூக்கிய கைகள் தூக்கிய இடத்திலேயே இல்லாமல் போயின. படகில் கூட இருந்தவர்கள் தாங்கள் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தால் அவரைச் சுற்றிக் கிண்ணியாவுக்குக் கொண்டுவந்தபோது, வெடியில் செத்து மிதந்த மீன்களையும் அள்ளிக்கொண்டுதான் வந்தார்கள். கரையில் இறக்கும்போது மீனில் பட்டிருந்தது மீனின் இரத்தமா மனிதனின் இரத்தமா என்று யாரும் பார்க்கவில்லை. அன்று மீன் நல்ல விலைக்குப் போனது.

அவருடைய மகன் சஜீத் அப்போது சிறுவன். அன்றிலிருந்து வாப்பாவின் சட்டைப் பொத்தானைப் பூட்டுவதும், சோற்றைக் குழைத்து வாயில் வைப்பதும், தொழுகைக்கு முன் முகம் கழுவிவிடுவதும் அவன் வேலையாயின. வாப்பா கோபக்காரர். கை இல்லாத மனிதனால் அடிக்க முடியாது என்று நினைத்தவர்கள் அவருடைய முழங்கையை அறியாதவர்கள். சஜீத்தின் முன்பல் ஒன்று அந்த முழங்கையில்தான் போனது. சோறு கொஞ்சம் சூடாக இருந்துவிட்டது, அவ்வளவுதான் காரணம்.

நல்ல மனநிலையில் இருக்கும் நாட்களில் வாப்பா கடலைப் பற்றிக் கதைப்பார்.

“தண்ணிக்குள்ள வெடிச்சா சத்தமாக் கேக்காதுடா மகன். நெஞ்சுல ஆரோ குத்தின மாதிரி ஒண்டு. பிறகு ஒண்டுமே இல்ல. கொஞ்சத்தால மீனெல்லாம் வயிறு வெடிச்சு மேல வரும்.”

பள்ளிக்கூடத்தில் “கையில்லாதவன்ட மகன்” என்று ஒருவன் கூப்பிட்டான். அவனுடைய தாடையை உடைத்தது சஜீத் அல்ல, முனாப். சஜீத்தின் தாய்மாமன் மகன். உடைத்துவிட்டு, அதிபரின் அறைவாசலில் நின்றுகொண்டு, “மச்சான், இனி ஆரும் கூப்பிடமாட்டானுகள்” என்று சிரித்தான். அவனுடைய விரல் முட்டிகள் தோலுரிந்திருந்தன. அந்தச் சிரிப்பைச் சஜீத் கடைசிவரை மறக்கவில்லை.

சஜீத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, கட்டாரில் சில வருடங்கள் கணினிகளின் குளிர் அறைக்குள் வேலை செய்து, வாப்பா மௌத்தாகி அடக்கம் நடந்தபோது திரும்பி வந்தான். மூதூரில் பெண் எடுத்தான். மனைவி ஷிஃபானா பட்டதாரி. வேலை கிடைக்காத பட்டதாரி. ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே, உள்துறைமுகத்தை ஒட்டி இருந்த மீனவர் சங்கத்தின் ரேடியோ அறையில் அவனுக்கு வேலை கிடைத்தது. தகரக் கூரை, உயரமான ஒரு கம்பம், ஒரு பழைய கணினி, கடலில் நிற்கும் படகுகளுடன் கதைப்பதற்கு ஒரு ரேடியோ. அந்தக் கம்பத்தின் உயரத்தால்தான் தூரத்துப் படகுகளுக்கும் குரல் எட்டியது. கரையில் கட்டிக்கிடக்கும் படகுகளின் ரேடியோ அவ்வளவு தூரம் போகாது.

அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது. கணினியில் இருந்து எதையாவது அகற்றுவதற்கு முன்னால், அதை யார் நம்பி நிற்கிறார்கள் என்று பார்ப்பான். ஒரு மென்பொருள் கணினிக்குள் தனியாக வாழ்வதில்லை. ஒரு பொதியாக வந்து இறங்குகிறது. இறங்கும்போதே தனக்கு இன்ன பொதிகள் வேண்டும் என்று எழுதிக்கொண்டு வருகிறது. அந்தப் பொதிகளுக்கு வேறு பொதிகள் வேண்டும். ஒரு கட்டளை கொடுத்தால் இந்த உறவெல்லாம் திரையில் மரம்போல் கிளைவிட்டு விரியும். இன்னொரு கட்டளை மரத்தைத் தலைகீழாகக் காட்டும்: இதைப் பிடுங்கினால் எவையெல்லாம் கூடச் சாகும் என்று. கட்டாரில் ஒருவன் பார்க்காமல் ஒன்றைப் பிடுங்கி ஒரு வைத்தியசாலையின் வரவேற்பறை முழுவதையும் இருட்டாக்கியதைச் சஜீத் கண்ணால் கண்டிருக்கிறான். அதற்குப் பிறகு மரத்தைப் பார்க்காமல் அவன் எதையும் தொட்டதில்லை.

“குசினியில உப்புப் போத்தலை எடுக்கிறதெண்டாலும் மரம் பார்ப்பீங்க போல” என்பாள் ஷிஃபானா.

“பாக்கத்தான் வேணும். உப்பை எடுத்தா சம்பல் விழுந்திடும்.”

வானிலை எச்சரிக்கை மின்னஞ்சலில் வரும். அதைப் படித்து ரேடியோவில் தானாகவே சொல்லும் ஒரு மென்பொருளை அவன் எழுதினான். அதற்கு ‘வாய்’ என்று பெயர் வைத்தான். தமிழை வாசிக்கக் கிடைத்த கணினிக் குரல்கள் எல்லாம் மூக்கடைத்த வெளிநாட்டுக்காரன்போல் வாசித்தன. ஆகவே ஷிஃபானாவை உட்காரவைத்து ஒவ்வொரு சொல்லாகப் பதிவுசெய்தான். வடகிழக்கு. காற்று. கடும் கொந்தளிப்பு. கரைக்குத் திரும்புங்கள். வாய் அந்தச் சொற்களைக் கோத்துப் பேசியது. படகுக்காரர்கள் அவளை மூத்த சகோதரியாக்கிக் ‘கடல் ராத்தா’ என்று பெயர் வைத்தார்கள். முனாப்பின் தம்பி ரிஷாத் மட்டும் ஒவ்வொரு முறையும் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லுவான்: “ஓம் ராத்தா, வாறன் ராத்தா, சோத்தைப் போட்டு வையுங்க ராத்தா.” ரேடியோ அறையில் அது கேட்கும்போது ஷிஃபானா வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

இது நல்ல காலம். பிறகு சங்கம் அவனிடம் இன்னொன்று கேட்டது.

பாறைகளில் மீன் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. வெடி போடுகிறவர்கள் குஞ்சு, முட்டை, பாறை எல்லாவற்றையும் சேர்த்தே கொன்றார்கள். யார், எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சஜீத் தண்ணீருக்குள் ஒரு ஒலிவாங்கியைத் தொங்கவிட்டான். நெஞ்சில் குத்துவதுபோல் வரும் அந்த ஒற்றை அதிர்வை அடையாளம் காண ஒரு மென்பொருள் எழுதினான். வெடித்ததும் கடற்றொழில் அதிகாரிகளின் தொலைபேசிகளுக்குச் செய்தி போகும். அதற்குக் ‘காது’ என்று பெயர். வாப்பா சொன்ன வர்ணனையைத்தான் அவன் கணக்காக மாற்றினான்.

காது வேலை செய்தது. வெடிக்கு ஆள் அனுப்பும் சோமசேகரம் முதலாளியின் படகுகள் அடுத்தடுத்துப் பிடிபட்டன. முனாப் அவருடைய ஆள். அவனும் பிடிபட்டு, மறியலில் அடைபட்டுத் திரும்பி வந்தான்.

ஒரு காலை சஜீத்தின் வாசற்கதவில் வயிறு வெடித்த மீன்களின் கோர்வை ஒன்று தொங்கியது. அதன் நடுவில் ஒரு சோடி கையுறை. மணிக்கட்டுகளில் சிவப்பு நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. ஷிஃபானா கோர்வையை அறுத்து, கையுறைகளை அடுப்பில் போட்டு, எரிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றுதான் சஜீத் அந்த வரியை எழுதினான்.

வாய்க்குக் காது தேவையே இல்லை. இரண்டும் ஒரே கணினியில் இருந்தாலும் ஒன்றுக்கொன்று முகம் தெரியாதவை. ஆனால் வாயின் பொதிக்குள், ‘இதற்குக் காது வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்தான். அப்போது மரத்தில் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு விழுந்தது. காதைப் பிடுங்கப் போனால், வாயும் சேர்ந்து போகும் என்று கணினி எச்சரிக்கும். கெட்டிக்காரன் எவனாவது வாயை மட்டும் பலவந்தமாகத் திரும்பப் போட்டாலும், காது இல்லையென்றால் வாய் பேசாமல் இருக்கும்படி உள்ளே இன்னொரு பூட்டும் போட்டான்.

ஷிஃபானா அவனுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். “வாய்க்குக் காது என்னத்துக்கு?”

“தேவையில்ல. ஆனா எழுதிவச்சா தேவைதான்.”

“அப்ப இது பொய்.”

“பூட்டு. கடலுக்குப் போறவன் ஒருத்தனும் கடல் ராத்தாவைக் கொல்லமாட்டான். முனாப்ட தம்பியே அந்தக் குரலைக் கேட்டுத்தான் கரைக்கு வாறான்.”

“வீட்டுக்குள்ள ஆளை வச்சுப் பூட்டுறீங்க” என்றாள்.

அவன் சிரித்தான். மரத்தைப் பார்த்தவன் எவனும் வெட்டமாட்டான் என்று அவன் உண்மையாகவே நம்பினான். தான் பார்ப்பதுபோல் எல்லோரும் பார்ப்பார்கள் என்று நினைத்தான்.

கார்த்திகை மாதம் அவர்கள் வந்தார்கள். வானம் கழுவிவைத்ததுபோல் இருந்தது; படகுகள் விடியவே போயிருந்தன. சங்கத்துக் காவலாளி தேநீர் குடிக்கப் போன நேரம். முதலில் வந்தவன் முனாப். பின்னால் சோமசேகரம் முதலாளி. அவருக்குப் பின்னால் இராகுலன்; தொலைபேசி திருத்தும் கடையில் வேலை செய்தவன், கணினி கொஞ்சம் தெரிந்தவன். முனாப் கதவைச் சாத்தினான்.

“என்ன மச்சான், சுகமா?” என்று கேட்டுக்கொண்டே சஜீத்தின் காதோடு சேர்த்து அறைந்தான். சஜீத் கதிரையோடு விழுந்தான்.

முதலாளி விழுந்தவனைத் தாண்டி வந்து, ரேடியோவில் பேசும் கைமைக்கை வயரோடு பிடுங்கி ஜன்னலால் கடலுக்குள் எறிந்தார். தண்ணீருக்குள் இருந்து வரும் கம்பி சேர்ந்த சிறிய பெட்டியைத் தரையில் போட்டுச் சப்பாத்தால் மிதித்தார்.

“பெட்டியை உடைச்சாப் போதாது அண்ணை” என்றான் இராகுலன். “வேற பெட்டி வாங்கிப் போடுவான். உள்ள இருக்கிறதை அழிக்கவேணும்.”

“தம்பி, எழும்பு” என்றார் முதலாளி மரியாதையாக. “நீ கட்டினதை நீயே அவிழ். உன்ர கையாலயே செய். கை இருக்கேக்க செய்.”

சஜீத் எழுந்து உட்கார்ந்தான். வாயில் இரத்தம் உப்பாக இருந்தது. அகற்றும் கட்டளையை அடித்தான். திரை கேட்டது: இவையும் சேர்ந்து அகற்றப்படும், தொடரவா?

“பாருங்க” என்றான். “காதை எடுத்தா வாயும் போகும்.”

இராகுலன் குனிந்து வாசித்தான். மரத்தை விரிக்கச் சொல்லி, கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தான். “ஓம் அண்ணை. மெய்தான். இதிலதான் அது தொங்குது.”

“எது?” என்று முனாப் கேட்டான்.

“கடல் ராத்தா.”

முனாப்பின் முகம் ஒரு கணம் வேறாகியது. “ரிஷாத் கடல்ல நிக்கிறான்” என்றான் முதலாளியிடம். “புல்மோட்டைப் பக்கம் போனவன்.”

“வெளியால வானத்தைப் பாரடா. பளிங்கு மாதிரிக் கிடக்கு. இவன் உனக்குக் கதை விடுறான். மரத்தை நட்டவனே இவன்தானே, தன்ர வசதிக்குத்தானே நட்டிருப்பான்.”

முனாப் சஜீத்தின் முகத்தைப் பார்த்தான். அதிபரின் அறைவாசலில் பார்த்த அதே பார்வை. “மச்சான், சொல்லு. ஒண்டை விட்டிட்டு மற்றதை எடுக்கேலாதா?”

ஏலும். ஒரு வரியை அழித்தால் போதும். காது மட்டும் சாகும், வாய் இருக்கும். அந்த ஒரு சொல் சஜீத்தின் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் முனாப்பின் கண்ணில் பயம் தெரிந்தது. பூட்டு வேலை செய்கிறது என்று சஜீத் நினைத்தான். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் இவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள்.

“ஏலாது” என்றான்.

முதலாளி முன்னால் வந்து, ஒரு கொசுவை நசுக்குவதுபோல், தன் பெருவிரலால் விசையை அழுத்தினார்.

வரிகள் ஓடின. வாய் போனது. காது போனது. திரை வெறுமையாகிக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றது.

“நில்லுங்க!” என்று சஜீத் கத்தினான். “நில்லுங்க, நான் திருப்பிப் போடுறன், அது...”

“திருப்பிப் போடுவானாம்” என்றார் முதலாளி. “முனாப், அவன்ர கையைப் பிடி.”

முனாப் பிடித்தான். மேசை விளிம்பில் சஜீத்தின் வலது கையை விரித்து, மணிக்கட்டில் தன் முழுப் பாரத்தையும் போட்டான். முதலாளி கதவுக்கு முட்டுக்கொடுக்கும் இரும்புத் தடியை எடுத்தார். முதல் அடியில் விரல்கள் உடைந்த சத்தம், காய்ந்த தென்னம்பாளையை முறிப்பதுபோல் கேட்டது. இராகுலன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு இடது கை. சஜீத் முனாப்பின் பெயரைச் சொல்லிக் கத்தினான். முதலாளியின் பெயரைச் சொல்லவேயில்லை. கடைசி அடி கையில் விழவில்லை, தலையில் விழுந்தது.

அவர்கள் போனபிறகு தரையில் கிடந்த தொலைபேசி அதிர்ந்தது. எச்சரிக்கை வந்திருந்தது. கிழக்கே எதிர்பாராமல் திரண்ட தாழமுக்கம், காற்று மிகக் கடுமையாகும், படகுகள் உடனே கரை திரும்பவேண்டும். அதைப் படித்துச் சொல்ல வாய் இல்லை.

சாப்பாட்டுப் பெட்டியோடு வந்த ஷிஃபானாதான் கதவைத் திறந்தாள். மேசையின் கீழே கிடந்தவனை முதலில் பிணம் என்றே நினைத்தாள். அவன் கண்ணைத் திறந்து, “மெயிலைப் பார்” என்றான். அவள் பார்த்தாள். ஜன்னலால் வெளியே பார்த்தாள். கிழக்கில், கடலுக்கு மேலே, கறுப்பாக ஒரு கரை எழும்பியிருந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போவம், எழும்புங்க.”

“முதல்ல இது. மைக் கடலுக்குள்ள போய்ட்டுது. என்னைத் தூக்கிக் கதிரையில வை. நீ அடி, நான் சொல்றன்.”

அவனுடைய கைகள் மடியில் இரண்டு சிவந்த துணிமூட்டைகள்போல் கிடந்தன. வாப்பாவுக்கு அவன் கையாக இருந்தான்; இப்போது அவள் அவனுக்கு. அவன் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய பென் டிரைவை அவள் கழற்றிச் செருகினாள். வாயை நிறுவும் கட்டளையைச் சொன்னான். அவள் அடித்தாள். கணினி மறுத்தது: இதற்குக் காது வேண்டும்.

காதைப் போட்டார்கள். காது தன் பெட்டியைத் தேடியது. பெட்டி தரையில் நொறுங்கிக் கிடந்தது. காது இறங்க மறுத்தது.

“அந்த வரியை அழி” என்றான். பொதியைப் பிரித்து, அந்த வரியைத் தேடி, அழித்து, மறுபடி கட்டினாள். அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. ஒரு எழுத்துப் பிழைத்தாலும் கணினி துப்பிவிடும். இடையில் அவன் மயங்கி விழுந்தான். தண்ணீர் தெளித்து எழுப்பினாள். காற்று தகரத்தைத் தூக்கி அடிக்கத் தொடங்கியது. கடைசியில் வாய் இறங்கியது. ஷிஃபானா “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள்.

வாய் பேசவில்லை.

உள்ளே போட்ட இரண்டாவது பூட்டு. அது எங்கே என்று அவனுக்கு ஞாபகம் வரவில்லை. தலையில் விழுந்த அடி அந்த இடத்தை எங்கோ கொண்டுபோயிருந்தது. “இன்னும் கீழ போ... இல்ல, மேல... இதுல இல்ல...” என்று உளறினான். கண்ணீர் இரத்தத்தோடு சேர்ந்து நாடியில் வழிந்தது. தான் கட்டிய வீட்டுக்குள்ளேயே சாவி தொலைந்தவன்போல் திரையில் அலைந்தான். பிற்பகல் அஸர் தொழுகைக்கான பாங்கு காற்றில் அரைகுறையாகக் கேட்டது.

“என்ட குரல் எங்க இருக்கு?” என்று ஷிஃபானா திடீரென்று கேட்டாள். “நான் சொன்ன சொல்லெல்லாம். அதை மட்டும் எடுத்துப் போடேலாதா? வாயே வேணாம்.”

அவன் அவளைப் பார்த்தான். மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அது தோன்றவேயில்லை.

அவள் பொதியைப் பிரித்துத் தன் குரலை வெளியே எடுத்து, ரேடியோவில் ஓடவிட்டாள். *கரைக்குத் திரும்புங்கள். கரைக்குத் திரும்புங்கள்.* தன் குரல் தன்னைவிட அமைதியாக இருப்பதைக் கேட்டுக்கொண்டு அவள் மேசையில் முகத்தைப் பதித்தாள்.

கிட்ட நின்ற படகுகள் வந்து சேர்ந்தன. தூரத்தில் நின்றவற்றிலும் பல வந்தன. ரிஷாத்தின் படகு வரவில்லை.

அந்தப் படகில் இருந்து உயிரோடு வந்தவர் முஹம்மது தம்பி என்பவர் ஒருவர்தான். ஒரு எண்ணெய்க் கலனைக் கட்டிப்பிடித்தபடி கரை ஒதுங்கினார். அலை படகைப் பாறையில் தூக்கி எறிந்ததையும், உடைந்த பலகை ஒன்று ரிஷாத்தின் வயிற்றுக்குள் போனதையும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். கடல் தலைக்குமேல் எழும்பிய பிறகுதான் ரேடியோவில் குரல் வந்ததாம். ரிஷாத் அப்போதும் சிரித்தானாம். “ராத்தா இண்டைக்குப் பிந்திட்டா” என்றானாம்.

ரிஷாத்தின் ஜனாஸா வெருகல் முகத்துவாரத்தில் ஒதுங்கியது. மீன்கள் முகத்தைத் தின்றிருந்தன. முனாப் தம்பியை இடுப்பில் கட்டியிருந்த பட்டியை வைத்துத்தான் அடையாளம் கண்டான். தானே குளிப்பாட்டினான், தானே குழிக்குள் இறங்கினான். மண் போட்டு முடிந்ததும், முதலாளியின் வீட்டுக்குப் போவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முதலாளி ஊரில் இல்லை. முனாப் இராகுலனைத் தேடிப் பிடித்தான். குரல்வளையில் கையை வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டான். இராகுலனுக்குப் பதில் நிச்சயமாகத் தெரியவில்லை. “அண்ணை, பிறகு யோசிச்சுப் பாத்தன். ஒலி கேக்கிறதுக்கும் ஒலி விடுறதுக்கும் தொடர்பு இருக்க அவசியமில்லை. அவன் சும்மா கட்டியிருக்கலாம்” என்றான்.

சஜீத் வீட்டு முன்னறையில் கதிரையில் இருந்தான். இரண்டு கைகளும் முழங்கைவரை வெள்ளைக் கட்டு. ஷிஃபானா அவனுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள். முனாப் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். கபுறுக் குழி மண் இன்னும் நகத்துக்குள் இருந்தது.

“மச்சி, நீங்க உள்ள போங்க” என்றான் ஷிஃபானாவிடம்.

அவள் போகவில்லை.

முனாப் சஜீத்துக்கு எதிரே தரையில் குந்தினான். “மச்சான், ஒண்டு கேக்கிறன். மெய்யைச் சொல்லு. அந்தக் கோடு. காது இல்லாட்டி அது பேசாதா?”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் முனாப் எழுந்து போயிருப்பான். பழி முழுவதும் விசையை அழுத்திய பெருவிரலுக்குப் போயிருக்கும். ஷிஃபானா கண்ணாலேயே அவனைக் கெஞ்சினாள்.

“பேசும்” என்றான் சஜீத். “அது நான் சும்மா போட்ட கோடு. நீங்க காதுல கைவைக்கக்கூடாதெண்டு போட்டனான்.”

“அண்டைக்கு நான் உன்னைக் கேட்டனான்.”

“ஓம்.”

“ஒண்டை விட்டிட்டு மற்றதை எடுக்கேலாதா எண்டு கேட்டனான்.”

“ஓம். ஏலாதெண்டு சொன்னனான்.”

“சொல்லியிருந்தா?”

“காது மட்டும் போயிருக்கும். ரிஷாத் வந்திருப்பான்.” பிறகு மூச்சு வாங்கி, “என்ட கையைப் பிடிச்சது நீ, முனாப். பிடிக்காம இருந்திருந்தா உடனே திருப்பிப் போட்டிருப்பன். ரிஷாத் அப்பவும் வந்திருப்பான்.”

முனாப் தலையை ஆட்டினான். அவன் அதை மறுக்கவில்லை. குந்தியிருந்தபடியே இடுப்பில் இருந்து மீன் வெட்டும் கத்தியை எடுத்தான். சஜீத் தடுப்பதற்காகத் தூக்கியது கைகளை அல்ல, இரண்டு வெள்ளைக் கட்டுகளை. கத்தி அவற்றுக்கு நடுவால் போனது. முதல் குத்து நெஞ்சில். ஷிஃபானா கஞ்சிக் கோப்பையால் முனாப்பின் முகத்தில் அடித்தாள். கோப்பை உடைந்து அவன் கன்னம் பிளந்தது. அவன் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. இன்னும் குத்தினான். கதிரை கவிழ்ந்தது. சுவரில் தெறித்தது கூரைவரை போயிருந்தது.

பிறகு முனாப் கத்தியை வாசலில் வைத்துவிட்டு, முற்றத்தில் போய் உட்கார்ந்தான். பொலிஸ் வரும்வரை அங்கேயே இருந்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் கல்லால் எறிந்தபோதும் நகரவில்லை. உள்ளே ஷிஃபானா கணவனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கஞ்சி ஒட்டியிருந்த அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கணவன் இறந்தபின் இத்தா இருக்கும் பெண் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. ஷிஃபானா வெள்ளை உடுத்து, அதே வீட்டின் பின்னறையில் இருந்தாள். சங்கத்துக்காரர்கள் தடுப்புத் திரைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்கள். ரேடியோ ஊமையாகக் கிடக்கிறது. வேறு ஆள் பிடிக்க முடியவில்லை. மழைக்காலம் இன்னும் முடியவில்லை.

“இத்தாவுல இருக்கிற பொம்பிளைட குரல் கடல் முழுக்கக் கேக்கிறது சரியா எண்டு ஒண்டு ரெண்டு பேர் கதைக்கிறாங்க” என்று தலைவர் ஹிஸ்புல்லா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“குரல் எனக்கு முந்தியே போய்ட்டுது ஹாஜியார்” என்றாள் அவள். “இனி அது என்ட சொல்லுக் கேக்காது. எனக்கு அவர்ட மடிக்கணினியைக் கொண்டுவந்து தாங்க.”

அந்த அறையில் இருந்தபடியே அவள் ரேடியோ அறைக் கணினிக்குள் நுழைந்தாள். அவன் எழுதியதை முதல் வரியில் இருந்து வாசித்தாள். நாட்கள் எடுத்தன. இரண்டாவது பூட்டைக் கண்டுபிடித்தாள். அது மிகச் சாதாரணமான இடத்தில்தான் இருந்தது. அழித்தாள்.

சங்கம் புதிய பெட்டி ஒன்றைப் பூட்டிக் கொடுத்தது. காதைப் போடவேண்டாம் என்று எல்லாப் பக்கத்தில் இருந்தும் சொன்னார்கள். அவள் போட்டாள். பிறகு மரத்தை விரித்துப் பார்த்தாள். வாய்க்குக் கீழே ஒலி, கடிகாரம், மின்னஞ்சல். காதுக்குக் கீழே ஒலி, கடிகாரம். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. தலைகீழாகவும் விரித்துப் பார்த்தாள். காதை நம்பி யாரும் இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து அதைத் தனியாகப் பிடுங்கிக்கொண்டு போகலாம்.

மழை பின்வாங்கிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் காது கேட்டது. திரையில் ஒரு கோடு நிமிர்ந்து விழுந்தது. ஷிஃபானாவின் கை தன்னையறியாமல் நெஞ்சுக்குப் போனது. செய்தி போக வேண்டிய தொலைபேசிகளுக்குப் போனது. கைதாகியிருந்த சோமசேகரம் முதலாளி பிணையில் வந்திருந்தார் என்பது ஊருக்கே தெரியும்.

சற்று நேரத்தில் மின்னஞ்சல் ஒன்று வந்தது. காற்றுத் திரும்புகிறது, படகுகள் கவனம். வெடி போட்ட படகும் இப்போது அங்கேதான் நிற்கும், வயிறு வெடித்த மீன்களை அள்ளிக்கொண்டு. ரேடியோவை நிறுத்த ஒரு விசை போதும். அவள் விரல் அந்த விசைக்கு மேலே நின்றது.

வாய் பேசத் தொடங்கியது. அவள் விரலை எடுத்துக்கொண்டாள். வடகிழக்கு. கடும் கொந்தளிப்பு. கரைக்குத் திரும்புங்கள். யாரும் பதில் சொல்லவில்லை. குரல் மறுபடியும் முதலில் இருந்து சொன்னது.